சகுனமும் சான்றும்

பூனை குறுக்கிட்டால் பயணத்தை நிறுத்துவோரும், தும்மலொலி கேட்டால் தொடங்கிய செயலைத் தள்ளிவைப்போரும் இன்றும் உளர். இந்நம்பிக்கைகள் அறியாமையால் மட்டும் நிலைப்பதில்லை, மறதியாலும் நிலைக்கின்றன. பூனை குறுக்கிட்ட ஒருநாளில் நேர்ந்த விபத்து ஆண்டுக்கணக்கில் பேசப்படுகிறது. பூனை குறுக்கிட்டும் தீங்கேதும் நேராத நூறு நாள்களை எவரும் நினைப்பதில்லை. நேர்ந்ததை மட்டும் எண்ணி, நேராததைக் கைவிடும் கணக்கு எங்ஙனம் சரியாகும்? இப்பிழையைத் திருத்தும் வழியைப் பழனி மலைத்தொடரில் அமைந்த ஓர் ஆய்வுக்கூடத்தின் வரலாறு உணர்த்துகிறது.

பஞ்சம் எழுப்பிய வினா

ஆண்டின் பெயராலேயே ‘தாது வருடப் பஞ்சம்’ என வழங்கப்படும் பெரும்பஞ்சம் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது. மழையின்மையும் ஆட்சியாளரின் பாராமுகமும் சேர்ந்து பல இலட்சம் உயிர்களைப் பறித்தன. எல்லாம் விதி என்று கூறி அமைந்துவிடாமல், மழை ஏன் பொய்த்தது என ஆராய முற்பட்டோரும் இருந்தனர். ஞாயிற்றில் நிகழும் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என அவர்கள் கருதினர். அதனை ஆராய, உயரமும் தெளிந்த வானமும் வாய்ந்த இடம் தேவைப்பட்டது. 1899ஆம் ஆண்டு கொடைக்கானலில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில், சூரிய ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. 1901இல் ஆய்வுப்பணி தொடங்கியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல், வானம் இடங்கொடுத்த நாள்களில் எல்லாம் அங்கு ஞாயிறு படம்பிடிக்கப்பட்டு வருகிறது. கரும்புள்ளிகள் மிகுந்த நாளும், புள்ளியே இல்லாத நாளும் ஒன்றுபோலவே பதிவாயின. சூரியப் புள்ளிகளில் வளிமம் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் ஜான் எவர்ஷெட் அங்குக் கண்டறிந்தார். ‘எவர்ஷெட் விளைவு’ என உலகம் அதனை அழைக்கிறது. ஆயினும் மழையை முன்னறிய எளிய விதி எதுவும் கிட்டவில்லை. ஆய்வு அதனால் நின்றுவிடவில்லை. பதிவுகள் காட்டிய வழியில் தொடர்ந்தது. வானுக்கும் மண்ணக வாழ்வுக்கும் தொடர்பு உண்டோ என எண்ணியதில் அறிவியலும் சகுனமும் ஒன்றே. சான்று கிட்டாதபோது அவ்வெண்ணத்தைக் கைவிட அறிவியல் இசைகிறது; சகுனம் இசைவதில்லை.

இழப்பு எவருக்கு?

‘நம்புவதால் இழப்பு என்ன?’ என்று சிலர் வினவுவர். 2019 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த வளையச் சூரிய கிரகணம் இதற்கு விடை தரும். திண்டுக்கல், திருச்சி, கோவை உள்ளிட்ட பகுதிகளில் மக்கள் பலர் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து அதனைக் கண்டு வியந்தனர். அதே நாளில், கருநாடக மாநிலம் கலபுரகி அருகே, உடற்குறை நீங்கும் என்ற நம்பிக்கையில் மாற்றுத்திறன் குழந்தைகள் கழுத்தளவு மண்ணில் புதைக்கப்பட்ட செய்தி வெளியாயிற்று. வானில் தோன்றிய காட்சி ஒன்றே. பார்த்த மனங்கள்தாம் வேறு.

கிரகணத்தின்போது கருவுற்ற பெண் உண்ணவும் நீர் பருகவும் தடுக்கப்படுகிறாள். பின்னர்க் குழந்தை உதட்டுப் பிளவுடன் பிறந்தால், பழியும் அவள்மீதே விழுகிறது. உண்மையில் கருவின் உதடு நான்காம் வாரத்திற்கும் ஏழாம் வாரத்திற்கும் இடையிலேயே உருவாகிவிடுகிறது. அதில் நேரும் குறைக்கு மரபணுக்களும் பிற உடல்நலக் காரணங்களும் உண்டு. நிழலுக்கு அதில் பங்கில்லை. கணவனை இழந்த பெண் எதிரே வருவதைத் தீச்சகுனம் என்போரும் உளர். துயருற்றவரையே துயரத்தின் காரணம் ஆக்கும் கொடுமை அது. நம்புகிறவர் ஒருவர், இழப்பவர் மற்றொருவர். அவரும் பெரும்பாலும் எளியவர்.

முன்னோர் கூற்று அனைத்தையும் எள்ளி நகையாடுதல் அறிவுடைமை ஆகாது. கிரகண நேரத்தில் ஞாயிற்றை வெறுங்கண்ணால் காணலாகாது என்பது மெய். ஆனால் அத்தீங்கு விழித்திரைக்கு உரியது; எந்நாளும் உள்ளது; தக்க கண்ணாடியால் தவிர்க்கத்தக்கது. நிலவு மறைப்பதால் சூரிய கிரகணமும், புவியின் நிழலால் சந்திர கிரகணமும் நிகழ்கின்றன என ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன்பே ஆரியபட்டர் விளக்கினார். ஆதலின் ஆராய்ந்து தெளிதலும் முன்னோர் விட்டுச்சென்ற செல்வமே.

சகுனத்தை ஆராய மலையுச்சியும் தொலைநோக்கியும் வேண்டா. ஒரு குறிப்பேடு போதும். ஒரு பக்கத்தில் சகுனம் கண்ட நாளையும், மறுபக்கத்தில் அந்நாளில் நேர்ந்ததையும் எழுதுக. ஏதும் நேராத நாளையும் விடாது எழுதுக. ஒரு திங்கள் கழித்து அதனைப் புரட்டும் மாணவருக்கு வேறெவரும் விடை கூறவேண்டியதில்லை.