அதிர்ஷ்டக் குன்றில் வேகும் வீடுகள்

‘இயற்கையோடு இயைந்த வீடு’ என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. இயற்கை மேல் கோபமில்லை, அந்தப் படங்கள் மேல்தான். சுடுமண் தரை, மூங்கில் விளக்கு, சுவரில் தொங்கும் பெரணிச் செடி, நடுவில் மீன் குளம். நாமும் விருப்பக்குறி போட்டுவிட்டு, ஏர்கோனை 18இல் வைத்துப் படுத்துவிடுகிறோம். இரவு பத்து மணிக்கு இந்தச் சுவர் ஏன் இன்னும் சுடுகிறது, அதை இப்படிக் கட்டச் சொன்னது யார் என்று மட்டும் கேட்க மாட்டோம்.

புக்கிட் பெருந்துங் என்றால் அதிர்ஷ்டக் குன்று என்று அர்த்தம். தோட்டங்கள் சூழ்ந்த உலு சிலாங்கூரில், 90களில் நெடுஞ்சாலை வழிவிட்டதும் முளைத்த நகரம். கோல்ஃப் திடலுக்குக்கூட இடம் ஒதுக்கினார்கள். 1997இல் நிதி நெருக்கடி வந்தது. பாதியில் நின்ற வீடுகளில் லாலாங் புல் வளர்ந்தது. மிஞ்சிய மலிவு வீடுகளுக்குக் கோலாலம்பூரில் வாங்க முடியாதவர்கள் வந்தார்கள். அதில் தோட்டத்திலிருந்து வெளியேறிய நம் குடும்பங்களும் உண்டு.

இந்தத் தாமான்களைச் சுற்றிப் பாருங்கள். ஒரே வரைபடம், நூற்றுக்கணக்கான முறை. சாலையின் ஒரு பக்க வீடு கிழக்கே பார்க்கும், எதிர்ப்பக்க வீடு மேற்கே பார்க்கும். ஜன்னல் மட்டும் இரண்டிலும் ஒன்றேதான். மாலை மூன்று மணி வெயில் நேராகப் படுக்கையறைக்குள் இறங்குகிறது. வெயில் எந்தப் பக்கம் சாயும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். வரைபடத்துக்குத்தான் தெரியவில்லை.

கொஞ்சம் பொறியியல் பேசுவோம். நாம் நிலநடுக்கோட்டுக்கு மூன்றரை பாகை வடக்கே இருக்கிறோம். நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில். ஆகவே சூட்டைப் பெரும்பாலும் வாங்குவது கூரை. வரிசை வீட்டுக்கு வெளிச்சுவர் முன்னும் பின்னும் இரண்டே இரண்டு. செங்கல் பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரியில் கக்கும். மதுரையிலோ ராஜஸ்தானிலோ தடித்த சுவருக்கு ஓரளவு நியாயம் உண்டு, அங்கே காற்று உலர்ந்தது, வறண்ட மாதங்களில் இரவு குளிரும். இங்கே இரவிலும் 23, 24 பாகைக்குக் கீழே அதிகம் இறங்காது, காற்றில் ஈரம் வேறு. உடம்பு குளிர வேண்டுமானால் காற்று நகர வேண்டும். அதற்கு உள்ளே வர ஒரு வழி, வெளியே போக இன்னொரு வழி வேண்டும்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 1984ஆம் ஆண்டின் சீரான கட்டட விதிகள், அறைத் தரைப் பரப்பில் 10 விழுக்காடு ஜன்னலும் 5 விழுக்காடு காற்று புகும் திறப்பும் வேண்டும் என்கின்றன. நல்லதுதான். ஆனால் சட்டம் ஓட்டையை அளக்கிறது, காற்றை அளக்கவில்லை. ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் வைத்தாலும் கணக்கு சரியாகிவிடும், காற்று மட்டும் வராது. பிறகு நாமே சமையலறையைப் பின்வேலி வரைக்கும் இழுத்துக் கட்டுகிறோம், முன்னால் தாழ்வாகத் தகரம் போடுகிறோம். நடு அறை அடுப்பாகிவிடுகிறது. அதைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 20 அடி அகலத்தில் மூணு பிள்ளைங்களோட இருக்கிறவங்க வேற என்னதான் செய்வாங்க? 2009இல் வந்த பசுமைக் கட்டடக் குறியீடும் விரும்பினால் எடுத்துக்கொள்ளும் சான்றிதழ்தான். மலிவு வீட்டுக்காரருக்கு அதை விரும்பவும் வழியில்லை.

இந்த இடத்தில் இலக்கிய நண்பர்கள் லயத்துக்கு ஓடிவிடுவார்கள். அஞ்சடியில் பாய் விரித்துப் படுத்த சுகம், பால்மரக் காட்டுக் காற்று. சரிதான், ஆனால் அந்தச் சுகம் மரங்கள் தந்தது. தலைக்குமேல் இருந்தது தகரம். இயற்கையோடு இயைந்த வீடும் அதே தோட்டத்தில் இருந்தது, குன்றின் உச்சியில். உயர்ந்த விதானம், நாலு பக்கமும் விறாந்தை, அகன்ற இறவாரம், சுற்றிலும் நிழல். அது துரை பங்களா. இந்த நாட்டு வெயிலுக்கு எப்படிக் கட்டுவது என்று தோட்ட நிர்வாகத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. யாருக்குக் கட்டுவது என்பதில்தான் வித்தியாசம். நம் கதைகள் லயத்து வாழ்க்கையை ஏராளமாக எழுதியிருக்கின்றன. இந்த இரண்டு கூரைகளுக்கும் இடையிலிருந்த வெப்ப வித்தியாசத்தை எத்தனை கதைகள் எழுதின?

காசு வந்தவர்கள் செட்டிநாட்டு முற்றத்தையும் லாரி பேக்கரின் செங்கல் ஜாலியையும் இறக்குமதி செய்கிறார்கள். பேக்கரிடம் கற்க வேண்டியது ஜாலியை அல்ல. கையெட்டும் தூரத்தில் கிடைப்பதை வைத்து, குறைந்த செலவில், அந்த ஊர் மழைக்கும் வெயிலுக்கும் கட்டு என்பதைத்தான். அந்தப் பாடம் நம் பக்கத்துக் கம்பத்திலேயே இருக்கிறது. தூண்மேல் நிற்கும் தரை, லேசான பலகைச் சுவர், அகன்ற இறவாரம், ஆளுயர ஜன்னல். லிம் ஜீ யுவான் 1987இல் மலாய் வீட்டைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். கென் யாங் 80களின் நடுவில் அம்பாங்கில் தனக்குக் கட்டிய வீட்டில், கூரைக்கு மேல் பட்டைப் பட்டையாக இன்னொரு நிழற்கூரை போட்டார். அறிவு இல்லாமல் இல்லை. அது வரிசை வீடு வரைக்கும் இறங்கி வரவில்லை, அவ்வளவுதான்.

இது ரசனைப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் பெஸ்தாரி ஜெயாவைப் பாருங்கள். மேரி, நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் பல்லாண்டுகளாகக் கேட்டுப் போராடிய பிறகு, 245 வீடுகள் அங்கே அறிவிக்கப்பட்டன. சாவி கொடுக்கும் படத்தை எல்லாரும் பகிர்வோம். அதற்கு முன்னால் வரைபடத்தைக் கேட்போமா? வரிசைகள் எந்தத் திசை பார்க்கின்றன? ஓட்டுக்குக் கீழே அலுமினியத் தாளும் வெப்பத் தடுப்பும் உண்டா? மேற்குச் ஜன்னலுக்கு இறவாரம் எத்தனை அடி? பின்பக்கம் அடைத்தாலும் நடு அறைக்குக் காற்று வர வழி இருக்கிறதா? வாசலில் மரம் நட மண் விடுவார்களா, சிமெண்டு பூசிவிடுவார்களா? இவற்றில் திசைக்குச் செலவே கிடையாது, ஆரம்பத்திலேயே யோசித்தால் போதும். கட்டி முடித்த பிறகு திசையை மாற்ற எந்தப் பொறியியலாளராலும் முடியாது.

“கிடைச்சதே பெரிசு, சூட்டைப் பத்திப் பேசுற நேரமா இது?” என்று சொல்லத்தான் செய்வார்கள். ஆயுள் முழுக்க வெயிலில் பால் வெட்டியவரிடம், வயதான காலத்தில் வீட்டுக்குள்ளும் வேகச் சொல்வதற்குப் பெயர் சலுகையா? குளிர்ந்த அறை அவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கி. அதைக் கேட்க வேண்டிய நேரம் அஸ்திவாரம் போடுவதற்கு முன்புதான்.