முதலில் அக்காவிடம்தான் சொன்னேன்



அப்போதெல்லாம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு பேப்பரில்தான் வரும். பொடி எழுத்தில் வரிசை வரிசையாகப் பதிவு எண்கள். எண் இருந்தால் பாஸ். 1986-இல் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் பேப்பர் வாங்கி என் எண்ணைத் தேடியவள் என் அக்கா. எண் இல்லை.

அவளுக்கு அது புதுச் செய்தி அல்ல. கணக்குப் பரீட்சையில் பாதிக் கேள்விகளை விட்டுவிட்டு வந்ததை அன்று மாலையே அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அத்தனை நாளும் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பேப்பரோடு கொல்லை வழியாக வந்தவள், "அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ முதல்ல சாப்பிடு" என்றாள். அன்று ராத்திரி மொட்டை மாடியில் எனக்குப் பக்கத்திலேயே பாயை விரித்தாள். நான் புரளும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தாள். ஏன் என்றால், கொசு என்றாள்.

நாலைந்து நாள் கழித்து, "இருக்கவே பிடிக்கலைக்கா" என்றேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டேன். விடிந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். காட்டிக்கொடுத்துவிட்டாளே என்று ஒரு வாரம் அவளோடு நான் பேசவில்லை. அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனியாக மட்டும் விடவில்லை. முதல் ரகசியத்தைக் காத்த அதே அன்புதான் இரண்டாவதை உடைத்தது என்று விளங்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று. அக்டோபரில் மறுபடி எழுதிய பரீட்சைக்கு நான் போன டியூஷனுக்குச் சம்பளம், அவள் தீப்பெட்டி ஒட்டிச் சேர்த்த காசு.

இன்று முடிவு செல்போனுக்கே வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் மாநில ரேங்க் அறிவிப்பதை 2017-இல் நிறுத்தினார்கள். பிள்ளைகளுக்குச் செய்த நல்ல காரியம் அது. துணைத்தேர்வுக்கும் இப்போது அக்டோபர் வரை காத்திருக்க வேண்டாம். ஆனாலும் பதினைந்து வயதின் பயம் அன்று போலவேதான் இருக்கிறது. பரீட்சை மட்டுமா? நண்பன் விலகிப்போனது, உடம்பைப் பற்றிய கேலி, போனில் வந்த மிரட்டல். இவை அப்பா அம்மாவின் காதுக்கு வருவதற்கு முன்னால் பெரும்பாலும் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவருக்குத் தெரிந்திருக்கும்.

அதனால் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். "அக்கா எப்படிப் படிக்கிறா பாரு" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு பேச்சு அக்காவைத் தம்பிக்கு எதிராளியாக்கிவிடும். பிறகு மனம் விட்டுப் பேச அவனுக்கு வீட்டில் ஆள் இருக்காது. "தம்பி உன்கிட்ட என்ன சொன்னான்?" என்று அவளைத் துருவவும் வேண்டாம். ஒற்றைப் பிள்ளை என்றால் பெரியம்மா மகளோ மாமா மகனோ அந்த இடத்தில் இருக்கட்டும். லீவுக்கு அனுப்பி வையுங்கள்.

அண்ணன்களே, அக்காக்களே, தம்பி தங்கைகளே! உங்களிடம் சொன்னதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும், சத்தியமே செய்திருந்தாலும் அன்றே ஒரு பெரியவரிடம் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மனநல உதவிக்கு 14416, தமிழ்நாட்டில் 104, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 1098. மூன்று எண்களிலுமே இரவு பகல் பாராமல் பேசலாம், கட்டணம் இல்லை. இன்றே வீட்டுக் காலண்டர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்