கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

2023-ல் நான் எம்.ஏ. உளவியல் இரண்டாம் ஆண்டு படித்துக் கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரியிலேயே ஒரு பகுதி நேர வேலை கிடைத்தது. வாரத்தில் மூன்று மாலை, பட்டப்படிப்பு மாணவிகளுக்கு "அடுத்து என்ன செய்யலாம்?" என்று யோசனை சொல்ல வேண்டும். சம்பளம் ஹாஸ்டல் மெஸ் பில்லுக்குச் சரியாய்ப் போய்விடும். ஆனால் பெருமை என்னவோ கலெக்டர் உத்தியோகம் கிடைத்த மாதிரி!

அப்படியிருக்க, ஒரு நாள் பி.ஏ. வரலாறு கடைசி வருஷத்துப் பெண் ஒருத்தி வந்தாள். அவள் வாயைத் திறக்குமுன் நான் ஆரம்பித்துவிட்டேன். "சென்னைக்குப் போய் எம்.பி.ஏ. சேரு. நல்ல எதிர்காலம் இருக்கு." எல்லாவற்றுக்கும் "சரிங்கக்கா" என்றாள். அப்புறம் வரவேயில்லை.

ஒரு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "ஏம்மா வரலை?" என்றேன்.

"எங்க ஊருக்குக் கடைசி பஸ் ஏழு மணிக்குங்கக்கா. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அப்பா மாப்பிள்ளை பார்க்கிறாரு. நான் எங்கேருந்து சென்னைக்குப் போக? நீங்க ஆசையாச் சொன்னீங்க, மறுத்துப் பேச மனசு வரலை."

சுரீரென்றது. மனசைப் படிக்கிற பாடத்தில் முதுகலை படிக்கிறேன். எதிரே உட்கார்ந்தவளிடம் ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லையே!

மறுநாளே அவளைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை வெறுமனே கேட்டுக்கொண்டேன். பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வீட்டிலிருந்தபடியே எம்.ஏ. படிக்க, 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கூடவே குரூப் 4 தேர்வு. பத்தாவது படித்தவர்களே எழுதலாம். மொத்தம் 200 கேள்விகளில் 100 தமிழிலிருந்துதான். நேர்முகத் தேர்வு கிடையாது. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, "அப்பாகிட்ட காட்டு" என்று கொடுத்தேன்.

அப்பா ஒரு வருஷம் தவணை கொடுத்தார். 2024 ஜூனில் எழுதினாள், கிடைக்கவில்லை. தவணை முடிந்தது என்று அப்பா சொன்னபோது, அம்மாதான் குறுக்கே நின்றாராம். 2025 ஜூலையில் மறுபடியும் எழுதினாள். தேர்வுக்கு முன்பு ஒரு சாயங்காலம் போன் செய்தேன். அம்மாதான் எடுத்தார். "அவ படிச்சிட்டிருக்காம்மா. அப்புறம் பேசச் சொல்றேன்." என்ன அதிகாரம் அந்தக் குரலில்! எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அன்று முதல் என் மேஜைக்கு வந்த பெண்களிடம் மூன்றே கேள்விகள்தான் முதலில் கேட்டேன். வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரணும்? யாரிடம் அனுமதி வாங்கணும்? உனக்கு என்ன பிடிக்கும்? மூன்றாவதற்கு மட்டும் பல பேர் வெகு நேரம் பதில் சொல்ல மாட்டார்கள். "தெரியலைக்கா, யாரும் கேட்டதில்லை" என்பார்கள்.

உங்கள் வீட்டிலும் பரீட்சை முடித்த பெண் இருப்பாள். எந்தக் காலேஜ், என்ன ஃபீஸ் என்பதெல்லாம் அப்புறம். இன்று இரவு சாப்பாடு பரிமாறும்போது அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் வரும்வரை கொஞ்சம் பொறுத்திருங்கள், போதும்.