விதானை இல்லாத தண்ணீர்



பெரும்போகம் நெருங்குகிறது. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டங்களுக்கு நாள் குறிக்கும் காலம். போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும்: பிளாஸ்டிக் கதிரைகள், கீச்சிடும் ஒலிவாங்கி, முன்னால் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கமநல உத்தியோகத்தர்களும், பின்வரிசையில் எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேச வந்த நாலு பேர். பார்த்தால் சந்தைக்கடை போலத்தான் இருக்கும். ஆனால் கலைவதற்குள் அங்கே முடிவாகிவிடும் விடயங்களை எண்ணிப் பாருங்கள். குளத்தில் எவ்வளவு தண்ணீர், அதற்கு எத்தனை ஏக்கர், மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, முதல் தண்ணீர் எந்தத் திகதி, விதைப்பு எந்தத் திகதியோடு சரி, மாட்டுப்பட்டிகள் எப்போது வெளியேற வேண்டும், கடைசித் தண்ணீர் எப்போது. நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அந்தத் தீர்மானத்துக்குச் சட்ட வலு உண்டு. மீறினால் வழக்கு வரை போகலாம்.

கூட்டம் முடிந்ததும் பொறுப்பு வட்டை விதானையின் தலைக்கு வரும். இவருக்கு அரசாங்கச் சம்பளம் கிடையாது. அறுவடையில் ஏக்கர் கணக்குக்கு விவசாயிகள் அளந்து கொடுக்கும் நெல்தான். அதற்காக நடுச்சாமத்தில் டோர்ச் லைட்டோடு வரம்பில் நடந்து, யாருடைய வக்கடை களவாகத் திறந்திருக்கிறது என்று பார்ப்பவர் அவர். திறந்தவர் மச்சானாக இருந்தாலும் அடைப்பார். அடைத்துவிட்டு விடிந்ததும் அதே மச்சானோடு ஒரே கடையில் பிளேன்டீ குடிப்பார். ஏசாதவர் இல்லை. ஆனாலும் விதானை இல்லாமல் ஒரு போகம் செய்து பார்ப்போம் என்று எந்த வட்டையும் இதுவரை துணியவில்லை.

பொதுச் சொத்து என்றால் யாருக்கும் சொந்தமில்லாதது, ஆகவே யாரும் கவனிக்காதது என்ற பேச்சு உலகம் முழுக்க உண்டு. 1968இல் கரெட் ஹார்டின் என்ற அமெரிக்க அறிஞர் அப்படித்தான் எழுதினார்: மேய்ச்சல் தரை பொதுவாக இருந்தால் ஆளுக்கு ஒரு மாட்டைக் கூட்டிக் கூட்டிக் கடைசியில் தரையே அழியும் என்று. எலினோர் ஒஸ்ரம் என்ற அம்மையார் உலகின் பல ஊர்களின் வழக்கங்களை ஆராய்ந்து, அது கட்டாயமில்லை என்று காட்டினார். மக்கள் தாங்களே முறை வகுத்து, தாங்களே காவல் காத்து, மீறியவரை அளவாகத் தண்டித்து, தலைமுறை தலைமுறையாகக் காட்டையும் கடலையும் நீரையும் காப்பாற்றிய ஊர்கள் ஏராளம் என்றார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர்தான். நம் விதானைமாருக்கு அவர் பெயர் தெரியாது. தெரியாமலே அவர் சொன்னதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இதற்கு நம் மாவட்டத்திலேயே, உலகப் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கும் ஓர் உதாரணம் உண்டு. நம் பெரியவர்கள் பட்டிப்பளை ஆறு என்று சொன்ன கல்லோயாவை மறித்து, 1949இல் தொடங்கிய திட்டத்தில் சேனாநாயக்க சமுத்திரம் எழுந்தது. கரையோரத்தின் பழைய வயல்கள் 'ஆற்றுப் பிரிவு' என்ற பெயரில் அதற்குள் வந்தன. அந்தத் திட்டத்தோடு வந்த குடியேற்றம், 1956இன் வன்செயல், மாவட்டத்தின் முகமே மாறியது, இவற்றின் கணக்கு நமக்கு இன்னும் தீரவில்லை. அதை மறந்துவிட்டு இதைச் சொல்லவில்லை. ஆனால் 1981இல் அங்கே நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்போது இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்து கிடந்தன. மேலே உள்ளவர் வேண்டிய மட்டும் எடுப்பார், கீழே உள்ளவர் வானத்தைப் பார்ப்பார். கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, படித்த இளைஞர்களை அங்கே தங்க வைத்தன. அவர்கள் கட்டளை போடவில்லை. வீடு வீடாகப் போய் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர்களை ஓரிடத்தில் இருத்திப் பேச வைத்தார்கள். குளத்தில் நீர் மிகக் குறைந்திருந்த காலம். சில வாரங்களில் விவசாயிகள் தாமாகவே வாய்க்கால் துப்புரவாக்கினார்கள், முறை வைத்தார்கள், மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே விட்டார்கள். மேலே பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். வாய்க்காலின் கடைசியில் தமிழ் பேசுபவர்கள். கோர்னெலின் நோர்மன் அப்ஹொப் 1992இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

அதைவிடப் பெரியது 1997 சிறுபோகம். யுத்தம் உச்சத்தில் இருந்த வருடம். இடதுகரையின் 65,000 ஏக்கருக்கும் நெல்லுக்குத் தண்ணீர் போதாது, 15,000 ஏக்கரில் வேறு பயிர் செய்யலாம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். விவசாய அமைப்புகள் ஏற்கவில்லை. துளித்துளியாகக் கணக்குப் பார்த்து, முறை வைத்து, 65,000 ஏக்கரையும் செய்து, வழக்கத்தைவிட நல்ல விளைச்சலும் எடுத்தார்கள். சோதனைச் சாவடிகளில் ஆளை ஆள் சந்தேகித்த நாட்களில், ஒரே வாய்க்காலின் மேலும் கீழும் தண்ணீர் நியாயமாகப் பங்கானது. அந்த வருடம் நாட்டில் நடந்த வேறு எத்தனையோ பேச்சுவார்த்தைகளைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

இனிக் கடல் பக்கம் வருவோம்.

சோழகக் காலத்தில் நம் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றின் ஒரு நுனி கரையில். தோணி வலையை அரைவட்டமாக விரித்துக்கொண்டு போய் மறு நுனியோடு திரும்பும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்க இழுக்க மடி மெல்லக் கரையேறும். கீரி, சூடை, நெத்தலி, அதிர்ஷ்டம் இருந்தால் பாரை. வலைக்கொரு பங்கு, தோணிக்கொரு பங்கு, இழுத்தவர்களுக்குப் பங்கு. சும்மா வந்து கயிற்றைத் தொட்ட சிறுவனுக்கும் கறிக்கு நாலு மீன். வெள்ளிக்கிழமை கடலுக்கு ஓய்வு. பாடு, அதாவது வலை இழுக்கும் கரைத்துண்டு, யாருடையது, முதல் வலை யாருடையது என்பதையெல்லாம் கரையே அறியும். இப்போது சில இடங்களில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுக்கிறார்கள். கைகள் குறைய, பங்குகளும் குறைகின்றன.

முறை மட்டும் இருந்தால் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. தென்கரையில் மாவெல்ல என்ற ஊரில் கரைவலைக்கு மிக நேர்த்தியான சுழற்சி முறை இருந்தது. மானிடவியலாளர் போல் அலெக்சாண்டர் அதை ஆராய்ந்தார்; ஒஸ்ரம் தம் நூலில் அதை எடுத்துக்காட்டினார், தோல்விக்கு உதாரணமாக. முறையில் பிழை இல்லை. எத்தனை வலை என்ற கணக்கில்தான் பிழை. புதிய வலைகள் வந்துகொண்டே இருந்தன, தடுக்க இருந்த சட்டத்தை அரசியல் செல்வாக்கு அசைத்தது, கடைசியில் ஒவ்வொருவருக்கும் நியாயமாக முறை வந்தது. ஆனால் அந்த முறை வயிற்றைக் கழுவப் போதவில்லை.

மீனுக்காவது பாடு உண்டு. மணலுக்கு என்ன உண்டு? டென்மார்க் கடனில் 2008இல் வேலை தொடங்கி 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம் அதைத்தான் நம்மிடம் கேட்டது. கரையோடு வடக்கு நோக்கி நகரும் மணலை அதன் தடுப்புச் சுவர் மறித்தது. தெற்கே மணல் குவிந்தது, துறைமுக வாயும் அடைத்தது; வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூர்ப் பக்கமும் தென்னந்தோப்புகள் கடலுக்குள் போயின. 2018இல் விவகாரம் வீதிக்கு வந்தது. வாயில் அடைத்த மணலை அள்ளினால்தான் படகு உள்ளே வரும் என்றார்கள் கல்முனை, சாய்ந்தமருதுப் படகுக்காரர்கள். அள்ளுவதானால் அரிபட்ட எங்கள் கரையில் போடுங்கள் என்றார்கள் ஒலுவில் மக்கள். இரு தரப்பும் நம்மவர்கள், இரு தரப்பின் பேச்சிலும் நியாயம். இல்லாமல் போனது, இரண்டு ஊரும் உரிமையோடு உட்கார ஒரு கூட்டம். வயலுக்கு உள்ள அந்தச் சந்தைக்கடைக் கூட்டம்கூட மணலுக்கு இல்லை. இப்போது கடலரிப்பு சாய்ந்தமருது வரை வந்து, மாளிகைக்காட்டின் மையவாடிச் சுவரையே தொட்டுவிட்டது.

வட்டமடுவும் இதே கதைதான். மேய்ச்சல் தரை என்பார்கள் பட்டிக்காரர்கள், செய்கைபண்ணிய வயல் என்பார்கள் விவசாயிகள், காடு என்கிறது வன இலாகா. ஒரு பக்கம் தமிழர், மறுபக்கம் முஸ்லிம்கள் என்பதால் இதை இனப் பிரச்சினையாகப் பேசுவது சுலபம். அறுவடை முடிந்த வயலில் எந்த ஊர் மாடும் மேயலாம், விதைத்த பின் எந்த ஊர் மாடும் இறங்கக் கூடாது என்ற வழக்கம் இரு சமூகமும் சேர்ந்து காத்தது என்பதை நினைவூட்ட இன்று ஆள் குறைவு.

கடைசியாக நம் வீட்டு வாசலுக்கு வருகிறேன். கல்முனை மாநகர எல்லைக்குள் சுமார் 23 சதுர கிலோமீற்றரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கிறோம். கிழக்கே கடல், மேற்கே வயல். 2004 டிசம்பர் 26 நம் மாவட்டத்தில் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பின், கடலோரத்தில் கட்டாதே என்று கோடு கிழித்தார்கள். மருதமுனையில் '65 மீற்றர் வீட்டுத் திட்டம்' என்ற பெயரில் அந்தக் கோடு இன்றும் வழங்குகிறது. பெயர்ந்தவர்களுக்கு இடம் வேண்டும். குமர்களுக்கும் வீடு வேண்டும். வீடு கட்டிக் கொடுக்காமல் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும் வழக்கம் நம் கரையில் இல்லையே. மூன்று குமர் உள்ள தகப்பன் கரைவாகு வட்டையில் தன் வயல் துண்டுக்கு கிரவல் ஏற்றுவதைப் பார்த்து நான் எப்படிக் குறை சொல்வேன்? உறுதி அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வயலின் மேலால் போகும் மாரித் தண்ணீருக்கு யார் பெயரிலும் உறுதி இல்லை. ஆளுக்கொரு துண்டாக நிரப்பினால் தண்ணீர் அடுத்த வளவுக்குள் நுழையும், அங்கிருந்து வீதிக்கு ஏறும். 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில் வீதியை மேவிய வெள்ளம், வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை உழவு இயந்திரத்தோடு அள்ளிப்போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் காரணம் பல. வழிவிடாத ஊரில் தண்ணீர் தானே வழி எடுக்கும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

அந்த வழிகளில் முக்கியமானது சாய்ந்தமருதுத் தோணா. வயல்வெளி நீரைக் கடலுக்குக் கொண்டுபோவது. இன்று அதில் ஆற்றுவாழையும் பம்பர்ஸும் பொலித்தீன் பைகளும். நீர், புல், நெருப்பு மூன்றிலும் மனிதர்கள் பங்காளிகள் என்ற நபிமொழியை ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து, பங்காளியின் தண்ணீரில் குப்பையைப் போடுகிறோம். கோடையில் அதன் வாயைக் கடல் மணலிட்டு மூடும். மாரியில் வெட்டிவிட வேண்டும். முந்தினால் உப்புநீர் ஏறும், பிந்தினால் பயிர் அழுகும், கிணறும் மலசலகூடக் குழியும் ஒன்றாகும். பெக்கோ இயந்திரத்துக்கு அது சிறிய வேலை. உத்தரவுதான் பெரிய வேலை: மாநகர சபையா, பிரதேச செயலகமா, நீர்ப்பாசனமா, கரையோரம் பேணலா? தனி உள்ளூராட்சிச் சபை கேட்டு நாட்கணக்கில் கடையடைத்த ஊர் நாம். தோணாவுக்கு ஒரு விதானை கேட்டு ஒரு மணித்தியாலம்கூடக் கடையடைக்கவில்லை.

இந்த இதழின் யோசனை சிறியது. கரைவாகு விவசாயிகள், மீனவர்கள், பள்ளிவாசல் நம்பிக்கையாளர்கள், அயலூர்க் கோயில் பரிபாலனத்தார், தாழ்ந்த வளவுகளில் குடியிருக்கும் பெண்கள், திணைக்கள அதிகாரிகள் எல்லாரும் மழைக்கு முன் ஒருமுறை உட்கார வேண்டும். தோணாவில் ஒரு சீமெந்துத் தூண் நட்டு, அதில் ஒரு சிவப்புக் கோடு போட வேண்டும். தண்ணீர் கோட்டைத் தொட்டால் யாரையும் கேட்காமல் வாய் வெட்டப்பட வேண்டும். கோடு எவ்வளவு உயரத்தில் என்பதில் சண்டை வரும். வரட்டும், அந்தச் சண்டைக்குத்தான் கூட்டம்.

அதற்கு உங்கள் உதவி தேவை. உங்கள் வீட்டுச் சுவரிலோ கிணற்றுக் கட்டிலோ எந்த வருட வெள்ளம் எதுவரை நின்றது, எத்தனை நாளில் வடிந்தது, உங்கள் வளவுக்கு மேற்கே முன்பு எந்த வாய்க்கால் ஓடியது என்று எழுதி அனுப்புங்கள். வாப்பா, உம்மம்மாவிடம் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. வருவதை எல்லாம் சேர்த்து ஒரு வரைபடமாக அடுத்த இதழில் போடுவோம். மழை தொடங்குமுன் வந்து சேர வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்