கூடுதல் வாரண்டி: யாருக்கு லாபம்?

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி, டிவி போன்றவற்றுக்கு உற்பத்தியாளர் தரும் வாரண்டி பெரும்பாலும் ஓராண்டில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மேலும் சில ஆண்டுகளுக்குப் பழுதுச் செலவை ஏற்பதாகச் சொல்லி, தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு விற்கப்படுவதே கூடுதல் வாரண்டி. பெரும்பாலான குடும்பங்களுக்கு, பெரும்பாலான பொருள்களுக்கு இது தேவையற்ற செலவு. தேவைப்படும் இடங்களும் உண்டு. ஆனால் அவை குறைவு. அந்தக் குறைவான தேவையைக் காட்டி எல்லோர் தலையிலும் கட்டும் விற்பனை முறைக்கு அரசு வரம்பு விதிக்க வேண்டும்.

மின்சாதனங்கள் பழுதாவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. தயாரிப்பில் நேர்ந்த குறை, சரியாகப் பற்றாத சால்டரிங், தரமற்ற உதிரிபாகம் ஆகியவை முதல் சில மாதங்களிலேயே வெளிப்பட்டுவிடும். இவற்றை உற்பத்தியாளரின் வாரண்டியே கவனித்துக்கொள்கிறது. அடுத்து வரும் சில ஆண்டுகள் பெரிய தொல்லை இல்லாதவை. பேரிங் தேய்வதும் மோட்டார் களைப்பதும் கெப்பாசிட்டர் போவதும் அதற்குப் பின்னரே அதிகரிக்கின்றன. கூடுதல் வாரண்டி பெரும்பாலும் அந்த நடுப்பகுதிக்கு மட்டும் பொறுப்பேற்கிறது. தேய்மானம் தலைகாட்டும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, ஃபிரிட்ஜ், ஏசி ஆகியவற்றின் கம்ப்ரசருக்கும் வாஷிங் மெஷினின் மோட்டாருக்கும் பல நிறுவனங்கள் 10 ஆண்டு வாரண்டியை ஏற்கெனவே தருகின்றன. விலையுயர்ந்த அந்தப் பாகங்களுக்கு மறுபடியும் காசு கொடுப்பதில் பொருளில்லை.

கணக்கும் வாங்குபவருக்குச் சாதகமாக இல்லை. எடுத்துக்காட்டாக, 20 குடும்பங்கள் ஏசிக்கு ஆளுக்கு ரூ.5,000 கொடுத்துக் கூடுதல் வாரண்டி வாங்குவதாகக் கொள்ளலாம். திரள்வது ரூ.1 லட்சம். அவற்றில் ஐந்து வீடுகளில் தலா ரூ.6,000 செலவில் பழுது பார்க்க நேர்ந்தாலும் ரூ.30,000தான் ஆகும். மிச்சப் பணம் கடையின் கமிஷன், நிர்வாகச் செலவு, வரி, லாபம் எனப் பிரிகிறது. இவை அத்தனையும் அடங்கிய பிறகே திட்டத்தின் விலை நிர்ணயிக்கப்படுவதால், எதிர்பார்க்கக்கூடிய பழுதுச் செலவைவிட அது கூடுதலாக இருந்தே தீரும். பிரிட்டனின் போட்டி ஆணையம் இந்தச் சந்தையை ஆராய்ந்து 2003-ல் அளித்த அறிக்கையும், கடைகளுக்கிடையே போதிய போட்டி இல்லாததால் நுகர்வோர் அதிக விலை கொடுக்கிறார்கள் என்ற முடிவுக்கே வந்தது.

விலையைவிடக் கவலை தருவது நிபந்தனைகள். மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, துரு, எலி கடித்த ஒயர், போர்டுக்குள் புகுந்த பல்லி, உடைந்த பிளாஸ்டிக், கண்ணாடிப் பாகங்கள், அங்கீகாரம் பெறாத மெக்கானிக் கைவைத்த பொருள் ஆகியவை பல திட்டங்களின் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. நம் வீடுகளில் பொருள்கள் கெடுவதற்கு இவைதானே வழக்கமான காரணங்கள்! கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று ஏசியின் வெளி யூனிட்டில் உள்ள காயிலை அரித்து, நுண்ணிய துளை விழுந்து, கேஸ் கசிந்துவிடுவது சாதாரணம். கம்ப்ரசரின் 10 ஆண்டு வாரண்டி அங்கே உதவாது. கூடுதல் வாரண்டியும் துருவைக் காரணம் காட்டி விலகிக்கொள்ளக்கூடும்.

இயற்கைச் சீற்றமும் அப்படியே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நீரில் மூழ்கிய ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் வாரண்டி பொதுவாகப் பொறுப்பேற்காது. அந்த இழப்பை ஈடுகட்டுவது வீட்டுக் காப்பீடு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்திய 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி, வெள்ளம், புயல், தீ ஆகியவற்றால் கட்டடத்துக்கும் வீட்டுப் பொருள்களுக்கும் ஏற்படும் சேதத்துக்குப் பாதுகாப்பு தருகிறது. தாங்கக்கூடிய சிறு செலவுக்கு வாரண்டி வாங்கிவிட்டு, குடும்பத்தையே புரட்டிப்போடும் பேரிழப்புக்குக் காப்பீடு எடுக்காமல் இருப்பது தலைகீழான ஏற்பாடு.

இருந்தும் கூடுதல் வாரண்டி விற்பனையாவதற்குக் காரணம், அது விற்கப்படும் தருணம். மாடல், விலை, எக்ஸ்சேஞ்ச், டெலிவரி தேதி என எல்லாம் பேசி முடித்து, வாடிக்கையாளர் பில் போடும் இடத்துக்கு வந்த பிறகுதான் இந்தப் பேச்சு எடுக்கப்படுகிறது. ஆடித் தள்ளுபடி, தீபாவளிக் கூட்டத்தில் பின்னால் வரிசை நிற்கும்போது நிபந்தனைகளைக் கேட்டு வாங்கிப் படிக்க யாருக்கும் நேரமில்லை. இஎம்ஐயில் சேர்த்துவிட்டால், மாதம் நூறோ இருநூறோதானே என்று தொகையும் சிறிதாகத் தெரிகிறது.

மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்குத் திடீர்ச் செலவு பெரும் சுமை, வாரண்டி இருந்தால் நிம்மதி என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அந்த நிம்மதிக்கு இதைவிட நல்ல வழியும் இருக்கிறது. நான்கு பொருள்களின் கூடுதல் வாரண்டிக்கு ஆகும் பணத்தை அஞ்சலகத்திலோ வங்கியிலோ தனியாகப் போட்டுவைத்தால், எந்தப் பொருள் எந்தக் காரணத்தால் கெட்டாலும் அதிலிருந்து எடுக்கலாம். பல்லி விழுந்தது என்று சொல்லி அந்தப் பணத்தை யாரும் மறுக்க முடியாது. எதுவும் கெடாவிட்டால் வட்டியோடு வீட்டிலேயே இருக்கும். மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி போன்றவற்றுக்கு அதுவும் பெரிதாகத் தேவைப்படாது. காயில் கட்டித் தரும் ரீவைண்டிங் கடை தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் இருக்கிறது.

விதிவிலக்குகளையும் சொல்ல வேண்டும். பெரிய திரை டிவியில் பேனல் போனால், புது டிவி வாங்கும் அளவுக்குச் செலவாகக்கூடும். இன்வெர்ட்டர் ஏசியிலும் ஃபிரன்ட் லோட் வாஷிங் மெஷினிலும் பிசிபி போர்டு விலை கூடிய பாகம். வெளியில் எல்லா மெக்கானிக்குகளாலும் அதைச் சரிசெய்ய இயலாது. இத்தகைய பொருள்களுக்கு, திட்டத்தை உற்பத்தியாளரே நேரடியாகத் தந்து, பேனலும் போர்டும் எழுத்துபூர்வமாக அதில் இடம்பெற்று, விலையும் பொருளின் விலையில் சிறு பங்காக இருந்தால் வாங்கலாம். அதையும் பில் போடும் நேரத்தில் முடிவு செய்ய வேண்டியதில்லை. முதல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன.

ஏற்கெனவே வாங்கியவர்கள் பில்லையும் நிபந்தனைத் தாளையும் பத்திரப்படுத்த வேண்டும். ஒப்புக்கொண்ட சேவை மறுக்கப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். ரூ.5 லட்சம் வரையிலான கொள்முதலுக்கு மனுக் கட்டணம் கிடையாது.

ஆனால், கெட்ட பிறகு வழக்குப் போடும் உரிமை மட்டும் போதாது. விற்கும்போதே நேர்மை வேண்டும். இணைய விற்பனையில் இதற்கான தொடக்கம் நிகழ்ந்துவிட்டது. வாடிக்கையாளரின் சம்மதத்தை முன்கூட்டியே டிக் செய்துவைப்பதை 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகள் தடுக்கின்றன. கேட்காத பொருளையோ சேவையையோ கூடையில் சேர்ப்பதை, 2023 நவம்பரில் வெளியான ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிரான வழிகாட்டுதல்கள் முறையற்ற வணிகமாக அறிவித்துள்ளன. கடைகளில் நேரில் வாங்குபவர்களுக்கும் அதே பாதுகாப்பு வேண்டும்.

பிரிட்டனில் 2005 முதல் நடைமுறையில் உள்ள ஆணை இதற்கு நல்ல முன்மாதிரி. அதன்படி கூடுதல் வாரண்டியின் விலையைப் பொருளின் விலைக்கு அருகிலேயே காட்ட வேண்டும். சொன்ன விலையை 30 நாள்களுக்கு மாற்றக் கூடாது. வாங்கியவர் 45 நாள்களுக்குள் ரத்து செய்தால், இழப்பீடு எதுவும் கோராதிருந்தால், முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இவற்றை இங்கும் கட்டாயமாக்க வேண்டும். விலக்குகளின் பட்டியலை முதல் பக்கத்திலேயே, வாங்குபவரின் மொழியில் அச்சிட வேண்டும் என்பதும் விதியாக வேண்டும். பணம் கொடுக்குமுன் எதற்குக் கொடுக்கிறோம் என்று படித்துத் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை. அதற்கு வழிசெய்வது அரசின் கடமை.