காலை வாரிய 'கால் ஆஃப்'

1996-ல் நான் ராயபுரத்தில் ஓர் ஏற்றுமதி கம்பெனியின் ஹார்பர் ஆபீஸில் ஜூனியர் கிளார்க். ஆபீஸ் என்றால் பெரிதாகக் கற்பனை பண்ண வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே நாலு மேஜை, ஃபேன் போட்டால் பறக்கிற ஷிப்பிங் பில்கள், ஒரு ஃபேக்ஸ் மெஷின். மெஷினைத் தொட முதலாளிக்கும் எனக்கும் மட்டுமே பர்மிஷன். காரணம், நான் பி.ஏ. இங்கிலீஷ் லிட்ரேச்சர். (ஷேக்ஸ்பியர் பேப்பரில் 42 மார்க். அதை முதலாளி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "தம்பி, நாளைக்கு அந்த ஜெர்மன் பார்ட்டியோட ஆளு சரக்கைச் செக் பண்ண வர்றான்ல, அதைத் தள்ளிப் போட்டாச்சுன்னு ஒரு ஃபேக்ஸ் அடிச்சுடு. தேதி பின்னால சொல்றோம்னு போட்டுரு."

தள்ளிப் போடு. 'புட் ஆஃப்' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து 'புட் ஆஃப் த லைட்' ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. என்னடா இது, ஏதோ லைட்டை அணைக்கிற மாதிரி இருக்கிறதே, ஜெர்மன்காரனுக்கு இது போதுமா என்று யோசித்து, கொஞ்சம் கெத்தாக, 'இன்ஸ்பெக்‌ஷன் இஸ் கால்டு ஆஃப். டீடெய்ல்ஸ் ஃபாலோ' என்று அடித்து அனுப்பிவிட்டு, பல்லவன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு திருவொற்றியூர் போய்ச் சேர்ந்தேன். நிம்மதியான தூக்கம்.

காலையில் ஆபீஸைத் திறந்தால் மெஷினில் பேப்பர் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. மரியாதையான இங்கிலீஷ்தான். சாராம்சம்: 'இன்ஸ்பெக்‌ஷன் ரத்து என்றால் ஆர்டரும் ரத்து.'

'புட் ஆஃப்' என்றால் தள்ளி வைப்பது. 'கால் ஆஃப்' என்றால் அடியோடு ஊற்றி மூடுவது. கல்யாணத்தை 'புட் ஆஃப்' பண்ணினால் அடுத்த முகூர்த்தம் பார்க்கலாம். 'கால் ஆஃப்' பண்ணினால் வேறு மாப்பிள்ளை பார்க்க வேண்டும்.

ரெண்டு கன்டெய்னர் சரக்கு குடோனில். வாசலில் எட்டு லோடுமேன்கள், காலை ஆறு மணியிலிருந்து. ஏற்றினால்தான் கூலி. முதலாளி என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஹாம்பர்க்கில் விடிந்து ஆபீஸ் திறக்க நமக்கு மத்தியானம் ஆகிவிடும். அதுவரை அவர் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் அவரைப் பார்த்துக்கொண்டு. அப்புறம் ஐ.எஸ்.டி. போட்டு, பதினாலு நிமிஷம் கெஞ்சி, ஆர்டரை மீட்டார். அந்த பில் ரெண்டு தவணையில் என் சம்பளத்தில் கழிந்தது. நியாயம்தான்.

ஆனால் அந்த எட்டு பேருக்கு அன்றைக்குக் கூலி கிடையாது. சாயங்காலம் துண்டை உதறிக்கொண்டு கிளம்பும்போது ஒருத்தர் என்னைக் கேட்டார்: "இன்னா சார், இங்கிலீசுல எதுனா மிஸ்டேக் ஆயிப்போச்சாமே?" கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அன்றைக்கு என்னோடு ராயபுரம் ஸ்டேஷன் வரை நடந்து வந்தவர் எங்கள் ஹெட்கிளார்க் பெரியவர். எஸ்.எஸ்.எல்.சி.தான். துறைமுகத்தில் முப்பது வருஷம் கடிதம் எழுதியவர்.

"ஏன் தம்பி, பரீட்சையில காப்பி அடிச்சான்னா இங்கிலீஷ்ல 'ஹிட் காஃபி'ன்னு எழுதுவியா?"

"மாட்டேன் சார்."

"ஏன்?"

பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா? நம் 'அடி'யைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, எண்ணூர்ப் பக்கம் போனால் நாற்றம் அடிக்கிறது. பெயின்ட் அடிக்கிறோம், மொட்டை அடிக்கிறோம், தம் அடிக்கிறோம், பஸ் ஸ்டாண்டில் சைட் அடிக்கிறோம். இத்தனை அடியிலும் யாருக்கும் ஒரு கீறல் கிடையாது. டீக்கடையைப் பாருங்கள். மாஸ்டர் டீயைப் 'போடுகிறார்', பிறகு 'ஆற்றுகிறார்', நாம் 'சாப்பிடுகிறோம்'. குடிக்கிற வஸ்துவைச் சாப்பிடுகிற ஒரு ஜனத்துக்கு, 'மிஸ்டேக்'கை 'மேக்' பண்ண வேண்டும், 'ஹோம்வொர்க்'கை 'டூ' பண்ண வேண்டும் என்றால் மட்டும் அதிசயமாக இருக்கிறது!

நம் தொல்லை, நாம் தமிழ் வினைச்சொல்லைச் சட்டை மாற்றி இங்கிலீஷுக்கு அனுப்பிவிடுவது. லீவு போட்டேன், ஆகவே 'ஐ புட் லீவ்'. பரீட்சை எழுதினேன், ஆகவே 'ஐ ரோட் த எக்ஸாம்'. வடக்கத்திக்காரர்கள் இந்தியில் பரீட்சையைக் 'கொடுப்பவர்கள்'. அதனால் அவர்களுக்கு 'ஐ கேவ் த எக்ஸாம்'. இதையே லண்டன்காரன் காதில் போட்டால், நீங்கள் வாத்தியார், பரீட்சை வைத்தீர்கள் என்று நினைப்பான். அவன் பரீட்சையை 'டேக்' பண்ணுவான், இல்லை 'ஸிட்' பண்ணுவான். எப்போதாவது ரெண்டும் ஒத்துப் போவதும் உண்டு. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது இந்த ராயபுரத்திலிருந்துதான். அந்த ரயிலை நாமும் பிடிக்கிறோம், அவனும் 'கேட்ச்' பண்ணுகிறான்.

எந்தச் சொல் எந்தச் சொல்லோடு குடித்தனம் நடத்தும் என்பதற்குப் படிப்பாளிகள் வைத்த பேர் 'கொலோகேஷன்'. 1950-களில் இதை மொழியியலில் பிரபலப்படுத்தியவர் ஜே.ஆர்.ஃபர்த் என்ற வெள்ளைக்காரர். நமக்குக் கொஞ்சம் வேண்டப்பட்டவர்தான். 1919 முதல் 1928 வரை லாகூரில் ஆங்கிலப் பேராசிரியர். பிற்பாடு ஆர்டன் துரையின் தமிழ் இலக்கணப் புத்தகத்துக்குத் தமிழ் உச்சரிப்பு பற்றி ஒரு பின்னிணைப்பும் எழுதிக் கொடுத்தார், 1934-ல்.

அவருக்கும் முன்னால் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் டோக்கியோவில் இருந்தார்கள். ஜப்பான் பசங்களும் நம்மைப் போலத்தான் திண்டாடியிருக்கிறார்கள். ஹரால்டு பாமர் 1933-லேயே இந்த ஜோடிச் சொற்களைத் திரட்டி ஓர் அறிக்கை போட்டார். அவரோடு வேலை பார்த்த ஏ.எஸ்.ஹார்ன்பி, எந்த வினைச்சொல்லுக்குப் பின்னால் எது வரலாம் என்று காட்டுகிற ஓர் அகராதியே தயாரித்தார். அது வெளிவந்தது 1942-ல், டோக்கியோவில். ஜப்பானும் இங்கிலாந்தும் குண்டு போட்டுக்கொண்டிருந்த வருஷம்! 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வாங்கிப் போட்டது. இன்றைக்கு நம் வீட்டு அலமாரியில் தடியாக உட்கார்ந்திருக்கும் 'அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்' டிக்‌ஷனரியின் பாட்டனார் அதுதான்.

பெரியவருக்கு இந்தப் பேரெல்லாம் தெரியாது. ஆனால் பிளாட்பாரத்தில் நின்று ஒரு விஷயம் சொன்னார். "தம்பி, இந்த 'ஆஃப்', 'அப்', 'அவுட்' எல்லாம் பஸ்ல ஜன்னல் சீட்டு மாதிரி. 'கால் ஆஃப் த மீட்டிங்', 'கால் த மீட்டிங் ஆஃப்', ரெண்டும் சரி. மீட்டிங் பெரிய ஆளு, எங்க வேணா உக்காரும். ஆனா இந்த 'இட்', 'ஹிம்' எல்லாம் கைக்குழந்தை. நடுவுல, மடியிலதான் வெக்கணும். 'கால் இட் ஆஃப்'. 'கால் ஆஃப் இட்'னு எழுதினே, குழந்தை ஜன்னல் வழியா விழுந்துடும்."

"அப்ப 'லுக் ஆஃப்டர் ஹிம்' சார்?"

ரயில் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து, மூக்குப்பொடி போட்டு, யோசித்துச் சொன்னார். "அங்க 'ஆஃப்டர்' ஜன்னல் இல்ல, கம்பி. 'ஹிம்' அதைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாலதான் நிக்கும். நடுவுல வராது."

இதைவிடத் தெளிவாக எனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. 'ஆஃப்டர்', 'அட்', 'ஃபார்' எல்லாம் பெரும்பாலும் கம்பி ஜாதி. 'அப்', 'அவே', 'ஆஃப்' பெரும்பாலும் ஜன்னல். பெரும்பாலும்தான். 'கெட் ஆஃப் இட்' என்று ஒரு விதிவிலக்கு உடனே வந்து இடிக்கும். இங்கிலீஷில் சந்தேகம் தீர்ந்த ஆளை நான் பார்த்ததில்லை.

கல்யாணமானவர்களுக்கு மட்டும் ஓர் உதாரணம். மச்சான் ஊரிலிருந்து வந்து ரெண்டு நாள் தங்கினால் 'ஐ புட் ஹிம் அப்'. அதே மச்சான் ரெண்டு மாசமாக நகரவில்லையென்றால் 'ஐ புட் அப் வித் ஹிம்'. முதலாவதில் 'ஹிம்' மடியில். ரெண்டாவதில், பாருங்கள், கம்பியைப் பிடித்துத் தொங்குகிறது.

அடுத்த புதன்கிழமை ஜெர்மன்காரரின் ஆள் வந்தார், சரக்கைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். ரெண்டு கன்டெய்னரும் ஏறின, கூலியும் கொடுத்தார்கள். அதற்கப்புறம் நான் அந்த ஆபீஸில் மூணு வருஷம் இருந்தேன். காலையில் என் தலை தெரிந்தால் போதும், வாசலில் பீடியை அணைத்துவிட்டு அந்த லோடுமேன் எழுந்து நிற்பார்.

"சார், இன்னிக்கு லோடு கீதா? கால் ஆஃபா, புட் ஆஃபா?"