முகிலில் வைத்த கணக்குக் கொப்பி



மன்னார்ப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர்களுடைய சங்கம் கருவாடும் ஊறுகாயும் செய்து விற்கிறது. ஒருவர் வந்து, "உங்கள் விற்பனைக் கணக்கு முழுவதையும் முகிலில் ஏற்றித் தருகிறோம், மாதாமாதம் ஒரு தொகை கட்டினால் போதும்" என்றாராம். "நம்பிக் கொடுக்கலாமா அக்கா?" என்று கேட்கிறார். எங்கள் சங்கத்தின் கணக்கும் 2019 முதல் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே எங்களுக்கு நடந்ததையே எழுதுகிறேன்.

நான் கணக்கு எழுதத் தொடங்கியது கொப்பியில்தான். 2008 இல் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது சங்கத்தின் சேமிப்புக் கொப்பிகள் மூன்றையும் ஒரு றங்குப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனேன். தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம் என்று அந்தப் பெட்டியும் எங்களோடு வந்தது. மாத்தளனில் பதுங்குகுழிக்குள் அதை விட்டுவிட்டு வந்தேன். பிள்ளையைத் தூக்குவதா பெட்டியைத் தூக்குவதா என்ற நேரம் அது. 2010 இல் திரும்பவும் கூடினோம். வங்கியில் மொத்தத் தொகை இருந்தது. யாருக்கு எவ்வளவு என்பது அந்தக் கொப்பிகளில் மட்டுமே இருந்தது. உயிரோடு வந்தவர்கள் தங்களுக்கு ஞாபகமிருந்ததைச் சொன்னார்கள், எழுதிக்கொண்டோம். வராதவர்களுக்காகச் சொல்ல யாரும் இல்லை. ஒரு பெண் பிள்ளை அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, "எங்கட அம்மா எவ்வளவு கட்டினவ?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கடைசியில் எல்லோருமாகப் பேசி ஒரு தொகையைக் கொடுத்தோம். அது சரியான தொகைதானா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பின்னர் மிளகாய்த்தூளும் சத்துமாவும் செய்து விற்கத் தொடங்கினோம். கணக்கு ஒரு மடிக்கணனியில் எக்செல்லுக்கு மாறியது. கணனியில் இருக்கிறது, இனிப் பயமில்லை என்றே நினைத்தோம். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வந்த வெள்ளம் உங்களில் பலருக்கு மறந்திருக்காது. எங்கள் அலுவலகத்துக்குள்ளும் தண்ணீர் ஏறியது. மடிக்கணனி மேசையின் கீழ்த்தட்டில் இருந்தது. பிரதி எடுத்து வைத்த பென்டிறைவ் அதே பைக்குள்தான் இருந்தது!

எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகள் வவுனியாவில் கணனிக் கல்வி படித்தவள். அவள்தான் முதலில் முகிலைப் பற்றிச் சொன்னாள். எனக்கு விளங்கவில்லை.

"முகில் எண்டால் மேல எங்கேயோ நிக்குமோ பிள்ளை?"

"இல்லை அன்ரி. அது மும்பாயில ஒரு கட்டடத்துக்குள்ள இருக்கிற கணனி. எங்கட இல்லை, வாடகைக்கு."

அவள் சொன்னது இரண்டு விடயங்கள். முதலாவது, எக்செல்லை விட்டுத் தரவுத்தளத்துக்கு மாறுவது. உறுப்பினர், பொருள், ஓடர், கொடுப்பனவு என நான்கு பெரிய பட்டியல்கள். ஒன்றோடொன்று தொடுத்திருக்கும். பட்டியலில் இல்லாத உறுப்பினரின் பெயரில் ஒரு ஓடரை எழுதப் போனால் அது ஏற்காது. ஒரு கடைக்கு இருபது பைக்கற் கொடுத்தால், இருப்பில் இருபது குறைவதும் கடையின் கடனில் அந்தத் தொகை ஏறுவதும் ஒன்றாகவே நடக்கும். இடையில் லைன் அறுந்தால் இரண்டுமே நடக்காது. எக்செல்லில் எங்களுக்கு அடிக்கடி வந்த வில்லங்கம் இதுதான். இருப்பு குறைந்திருக்கும், கடன் ஏறியிருக்காது.

இரண்டாவது, அந்தத் தரவுத்தளத்தை நாங்களே ஒரு கணனியில் நிறுவிப் பராமரிக்காமல், பராமரிப்போடு சேர்த்து வாடகைக்கு எடுப்பது. மிளகாய் அரைக்கிற மில்லை வைத்து இதனை விளங்கிக்கொள்ளலாம். சொந்தமாக மில் வாங்கினால் மோட்டர் எரிந்தாலும் பெல்ட் அறுந்தாலும் எங்கள் தலையில்தான். பக்கத்து மில்லுக்குக் கொண்டுபோனால் அரைகூலி கொடுத்துவிட்டு வரலாம். ஆனால் மிளகாய் காய்ந்ததா, காம்பு நீக்கியதா, அதற்குள் கல் கிடக்கிறதா என்பது மில்காரரின் பொறுப்பு அல்ல. இந்த இரண்டாவது பாதியை விற்க வருபவர்கள் சொல்வதில்லை. நாங்கள் பட்ட கஷ்டமெல்லாம் அதில்தான்.

இந்தச் சேவைகள் அவ்வளவு பழையவை அல்ல. அமேசன் நிறுவனம் 2009 ஒக்ரோபரில் இப்படியொரு சேவையைத் தொடங்கியது. நாங்கள் மெனிக் பாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற ஆண்டு அது. அந்த நிறுவனம் தன் கணனி நிலையங்களை 2010 இல் சிங்கப்பூரிலும் 2016 இல் மும்பாயிலும் திறந்தது. மைக்ரோசொவ்ற், கூகிள் ஆகியனவும் இதே சேவையைத் தருகின்றன. உள்ளே ஓடுவது பெரும்பாலும் மைஎஸ்கியூஎல், போஸ்ற்கிரெஸ் போன்ற, எவரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கக்கூடிய மென்பொருட்கள்தான். (மைஎஸ்கியூஎல்லில் வரும் ‘மை’ என்பது அதை ஆக்கியவர்களில் ஒருவரான பின்லாந்துக்காரரின் மகளுடைய பெயராம். பிள்ளை இதைச் சொன்ன பிறகுதான் எங்கள் பொருளாளர் அக்காவுக்கு அதில் கொஞ்சம் பிடிப்பு வந்தது.) கொடுக்கிற காசு இயந்திரத்துக்கும் பராமரிப்புக்கும் உரியது. பழுதான வட்டை மாற்றுவார்கள், மென்பொருளின் ஓட்டைகளை அடைப்பார்கள், தினமும் தானாகப் பிரதி எடுப்பார்கள். அமேசனில் அந்தப் பிரதிகளைக் கூடியது 35 நாட்கள் வரை வைத்திருக்கச் சொல்லலாம். எத்தனை நாள் என்பதை நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பிரதியின் அருமை 2021 இல் தெரிந்தது. மாதக் கடைசி. ஒரு தங்கச்சி ஒரு உறுப்பினரின் சேமிப்புத் தொகையைத் திருத்தப் போனாள். பிள்ளை எழுதித் தந்த நிரலில் ஒரு பிழை இருந்திருக்கிறது. எந்த உறுப்பினர் என்ற நிபந்தனை விடுபட்டுப் போனதால் 63 பேரின் சேமிப்பும் ஒரே நொடியில் 3,250 ரூபாவாக மாறிவிட்டது. நேரம் காலை 11.20. அவள் அழத் தொடங்கிவிட்டாள். எனக்கு மாத்தளன் பதுங்குகுழிதான் கண்ணுக்குள் வந்தது. உடனே எல்லோரையும் பதிவை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பிள்ளைக்கு அழைப்பெடுத்தோம்.

"அழவேண்டாம் எண்டு சொல்லுங்கோ அன்ரி. 11.15க்கு எப்பிடி இருந்ததோ அப்பிடி எடுக்கலாம்."

ஒரு மணித்தியாலம் எடுத்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பழைய நேரத்துக்குத் திருப்புவது என்றால், இருக்கிற தரவுத்தளம் அப்படியே பின்னால் போவதில்லை. 11.15 இல் இருந்தபடி வேறொரு புதிய தரவுத்தளம் பக்கத்தில் உருவாகும். எங்கள் மென்பொருளைப் புதியதை நோக்கித் திருப்ப வேண்டும். 11.15க்குப் பிறகு பதிந்த நான்கு ஓடர்களையும் ரசீதுகளைப் பார்த்துத் திரும்பப் பதிந்தோம். அன்றைக்கு ரசீதுப் புத்தகம் இல்லாதிருந்தால் அந்த நான்கும் போயிருக்கும். கணனி வந்தபின் ரசீதுப் புத்தகம் எதற்கு என்று கேட்டவர்களுள் நானும் ஒருத்தி.

சந்தோஷத்தில் பழையதை நிறுத்த மறந்துவிட்டோம். அடுத்த மாதம் பில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிழை எங்களுடையதுதான். பாவிக்கிறோமோ இல்லையோ, ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் காசு ஏறும். இந்தத் தொகையைத் தாண்டினால் அறிவி என்று மின்னஞ்சல் எச்சரிக்கை வைக்கலாம் என்பதை அதன் பிறகுதான் செய்தோம். நீங்கள் முதல் நாளே செய்யுங்கள்.

பில் டொலரில் வரும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவைச் சுற்றி நின்றது. மே மாதத்தில் 360 ரூபா. எங்களுடைய 17 டொலர், 3,400 ரூபாவிலிருந்து 6,000 ரூபாவைத் தாண்டியது. பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் முகிலுக்கு ஆறாயிரமா என்று கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். கொப்பிக்கே போவோம் என்று ஒரு பகுதி நின்றது. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் சோதனைக்காக வைத்திருந்த இரண்டாவது தரவுத்தளத்தை மூடினோம், தேநீர்ச் செலவை நிறுத்தினோம், தொடர்ந்தோம். அந்த நாட்களில் பத்துப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்தும், மின்சாரம் வந்தவுடன் கைத்தொலைபேசியிலேயே விட்ட இடத்திலிருந்து தொடங்க முடிந்தது.

ஆகவே மன்னார்ச் சகோதரிக்கு என் முதல் கேள்வி, நீங்கள் எத்தனை பேர்? பத்துப் பதினைந்து பேர், விற்பவர் ஒருவர் என்றால் காபன் தாள் வைத்த இரட்டைப் பிரதிக் கொப்பியே போதும். ஒரு பிரதி ஒருவர் வீட்டில், மற்றது வேறொருவர் வீட்டில். வெவ்வேறு இடத்திலிருந்து பலர் ஒரே நேரத்தில் பதியவேண்டி வந்தால்தான் இந்தச் செலவுக்கு அர்த்தம் இருக்கும்.

இரண்டாவது கேள்வி, கணக்கு யாருடைய பெயரில் திறக்கப்படும்? எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்துக்கு ஒரு திட்டத்தின் கீழ் இதேபோல அமைத்துக் கொடுத்தார்கள். திறந்தது அங்கு வேலை செய்த ஒரு அலுவலரின் மின்னஞ்சலில். திட்டம் முடிந்தது, அவரும் போனார். காசு கட்டுவது நின்றது. யாரிடம் கேட்பது என்றே அந்தப் பெண்களுக்குத் தெரியவில்லை. இரண்டு வருட விற்பனை விபரம் போய்விட்டது. குண்டும் இல்லை, வெள்ளமும் இல்லை. கணக்கு சங்கத்தின் மின்னஞ்சலில், சங்கத்தின் வங்கி அட்டையில் இருக்க வேண்டும். கடவுச்சொல் தலைவியிடமும் பொருளாளரிடமும் இருக்க வேண்டும். அமைத்துத் தருபவருக்கு வேலைக்குரிய அனுமதியை மட்டும் தனியாகக் கொடுக்கலாம், வேலை முடிய எடுத்துவிடலாம். "அது சிக்கல், எங்கள் பெயரிலேயே இருக்கட்டும்" என்று அவர் சொன்னால் கொடுக்காதீர்கள்.

அனுமதி என்றதும் இன்னொன்று. எங்கள் பழைய படிவத்தில் ‘கணவர்’ என்றொரு கட்டம் இருந்தது. இறந்தவர், காணாமற் போனவர், தடுப்பில் இருந்தவர் என்று நிரப்புவோம். எங்கோ கொடுத்த நிவாரணப் படிவத்திலிருந்து எங்களோடு ஒட்டிக்கொண்டு வந்த கட்டம் அது. பட்டியலை அமைக்கும்போது பிள்ளை கேட்டாள், "அன்ரி, மிளகாய்த்தூள் விக்கிறதுக்கு இது என்னத்துக்கு?" ஒருவருக்கும் பதில் இல்லை. எடுத்துவிட்டோம். இலங்கையில் 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், என்ன தேவைக்காகச் சேர்க்கிறோமோ அதற்கு வேண்டியதை மட்டுமே சேர்க்க வேண்டும் என்கிறது. விற்பனைக்குப் போகும் தங்கச்சிக்கு இப்போது இருப்பும் ஓடரும் மட்டும் தெரியும், மற்றவர்களின் சேமிப்பு தெரியாது. முதலில் அவளுக்குக் கோபம்தான். தன்னை நம்பவில்லை என்று இரண்டு நாள் கதைக்கவில்லை. 63 பேரின் தொகை மாறிய அன்று அவள் பேரில் சந்தேகம் வராமல் காப்பாற்றியது அந்தப் பூட்டுத்தான்.

முகிலில் இருப்பதால் அழியாது என்றும் இல்லை. 2023 ஓகஸ்டில் எங்கள் அரசாங்கத்தின் முகில் சேவை மீதே தாக்குதல் நடந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயின. ஏறக்குறைய 5,000 முகவரிகள். இணைப்பிலிருந்த பிரதிகளும் தாக்குதலில் அகப்பட்டன. இணைப்பிலிருந்து கழற்றி வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. அதை வாசித்த கிழமையே பிள்ளையைக் கூப்பிட்டோம். இப்போது ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி முழுக் கணக்கையும் இறக்கி ஒரு வட்டில் எடுத்து, அலுவலகத்திலிருந்து மூன்று கட்டை தள்ளியுள்ள ஒரு உறுப்பினர் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைக்கிறோம். மேல்தட்டில்தான். வருடத்துக்கு இரண்டு தடவை அந்த வட்டிலிருந்து கணக்கைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறோம். முதல் தடவை திறக்கவில்லை. பிள்ளை பூட்டிய கடவுச்சொல்லை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

அதே முதலாம் திகதி ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு அச்சடித்துக் கொடுப்போம். பெயர், இந்த மாதம் கட்டியது, மொத்தம், அவ்வளவுதான். அம்மம்மாவோடு வந்து கேட்ட அந்தப் பெண் பிள்ளை இப்போது எங்கள் உறுப்பினர். பொதி கட்டும் பகுதி அவளுடையது. துண்டை வாங்கியதும் தொகையைத் தன் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அடையாள அட்டை வைத்திருக்கும் பொலித்தீன் உறைக்குள் மடித்து வைப்பாள். சென்ற மாதம் 50 ரூபா வித்தியாசம் என்று திரும்பி வந்தாள். பார்த்தோம், அவள் சொன்னதுதான் சரி. திருத்தியாயிற்று.

மன்னார்ச் சகோதரி, அந்த ஆள் தந்த ஒப்பந்தத்தின் பிரதியை அனுப்பிவையுங்கள். கணக்கு யார் பெயரில் என்ற பக்கத்தை முதலில் பார்ப்போம்.